ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லையா?

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கும் எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. உடனே மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள். பல நேரங்களில் ரேம் (மதர்போர்டில் செருகியிருக்கும் தற்காலிக நினைவகம்) சரியாகப் பொருந்தாததுதான் காரணம்.

முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படத்தை அனுப்பும் அட்டை) இருந்தால் கேபிளை அதில்தான் செருக வேண்டும்.

அது சரியாக இருந்தால், பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைத் திறந்ததும் அதன் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரமே சிப்பைக் கெடுத்துவிடும் என்பதால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். அப்புறம் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது பழுது என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் பழையபடி மாறிப்போகிறதா? மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரியை மாற்றுங்கள்; பெரும்பாலும் சி.ஆர். 2032 வகைதான்.

பவர் சப்ளை பெட்டியை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். கேபிளைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.