கொத்தடிமை நிவாரணம்: பழனி மலைத் தோட்டங்களில் பணம் கை சேர

காபி, மிளகுத் தோட்டத்தில் முன்பணக் கடனுக்குக் கட்டுண்ட பளியர் பழங்குடிக் குடும்பத்தை வெளியே கொண்டுவந்தால் மட்டும் போதாது. நிவாரணம் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் முதல் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தைப் பொறுத்தது.

கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கும்போதே, விசாரணையைத் தோட்டத்துக்கு வெளியே நடத்தக் கேளுங்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணி கண்ணில் படும் தூரத்தில் நின்றால் "நல்லாத்தான் வெச்சிருக்காங்க" என்பதற்கு மேல் சொல் வராது. பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். முன்பணம் எவ்வளவு, வாரக்கூலியில் எவ்வளவு பிடித்தார்கள், சந்தைக்கோ சாவுக்கோ போக விட்டார்களா, வேறு தோட்டத்துக்கு வேலைக்குப் போக முடிந்ததா? தேதி நினைவிருக்காது. மிளகு பறிப்புக்கு முன்பா பின்பா, மூத்த பிள்ளைக்குப் பல் விழுந்த சமயமா என்று கேட்டால் ஆண்டு பிடிபடும். கடன் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம்: 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு. அடி உதை இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்திருக்கிறது.

விடுதலைச் சான்றை ஆளுக்கொன்றாக வாங்குங்கள். குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் வாங்கினால் மனைவிக்குரியது விட்டுப்போகும். அவருடையதுதான் பெரிய தொகை. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் சிறுவருக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளுக்கு 3 லட்சம்.

உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. இதற்கென ஆட்சியரிடம் குறைந்தது 10 லட்சம் ரூபாய் நிதி இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே டெல்லியைக் காட்டித் தள்ளிப்போட விடாதீர்கள். மீதித் தொகை வழக்கின் முடிவோடு பிணைந்தது, நாளாகும். பெண்ணுக்கான 2 லட்சத்திலும் குறைந்தது 1,25,000 தவணை தவணையாகப் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போடப்படும், கணக்கில் விழுவது 75,000. முன்கூட்டியே சொல்லாவிட்டால் இடையில் யாரோ எடுத்துவிட்டதாக நினைப்பார்கள்.

அதே சட்டத்தின் 18ஆவது பிரிவு, முதலாளிக்கு விதிக்கும் அபராதத்திலிருந்து நாளுக்கு 5 ரூபாய் தரச் சொல்கிறது. அபராத உச்சவரம்பே 2,000. அதாவது 400 நாள்! பத்து வருட உழைப்புக்கு இது எந்த வகையிலும் ஈடல்ல. கூலிப் பாக்கிக்குத் தொழிலாளர் துறையில் தனி மனு கொடுங்கள்.

பழைய வங்கிக் கணக்கின் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் முதலாளி கையில் இருந்தால் அந்தக் கணக்கைத் தராதீர்கள். குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத புதுக் கணக்கு தொடங்குங்கள். ஆதாரிலும் சான்றிலும் பெயர் ஓர் எழுத்து மாறினாலும் பணம் திரும்பிவிடக்கூடும்.

தோட்டத்தில் தொழிலாளருக்குத் தந்த லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். உழைப்புக்கு ஈடாகக் கொடுத்த வீட்டிலிருந்து வெளியேற்ற 8ஆவது பிரிவு தடை விதிக்கிறது. பூட்டுப் போட்டால் அன்றைக்கே கோட்டாட்சியரிடம் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.