கிட்னி மாற்றியவரை வார்டில் சேர்த்தால் கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

அண்ணனுக்கு அம்மாவின் கிட்னியை வைத்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கப்புறம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று நான்கு முறை அட்மிட் ஆகியிருக்கிறான், நான்கு முறையும் கூட இருந்தது நான்தான்.

டூட்டி டாக்டர், சிஸ்டர், ரத்தம் எடுக்க வருபவர் என்று யார் வந்தாலும் முதலில் "இவர் கிட்னி மாற்றியவர்" என்று சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டில் இருக்குமே என்று சும்மா இருக்காதீர்கள். ஒருமுறை நடுராத்திரி உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி எழுதிவிட்டார்கள். அந்த வகை வலி மருந்து கிட்னிக்கு ஆகாது. நான் கேட்ட பிறகுதான் பாராசிட்டமால் என்று மாற்றினார்கள்.

மாத்திரை நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். உடம்பு புதுக் கிட்னியை எதிர்க்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, காலை 8 என்றால் இரவு 8. ஆஸ்பத்திரி மருந்து வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு வேளை தவறிவிடும், அதனால் வீட்டில் இருப்பதை அட்டையோடு கொண்டுபோய் சிஸ்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று லெவல் பார்க்கும் நாளில் மட்டும் ரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை. முன்பே விழுங்கிவிட்டால் லெவல் கூடுதலாகக் காட்டும், அதை நம்பி டோஸைக் குறைத்தால் உடம்பு அந்தக் கிட்னியை எதிர்க்க ஆரம்பித்துவிடலாம். அண்ணன் அன்றைக்கெல்லாம் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருப்பான். மாத்திரை போட்டதும் வாந்தி வந்தால் நீங்களாக மறுபடி கொடுக்க வேண்டாம், நேரத்தைக் குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

புது மருந்து எது எழுதினாலும் "டாக்ரோலிமஸோடு சேருமா?" என்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம். ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோல் இரண்டும் லெவலை ஏற்றிவிடும், டிபிக்குத் தரும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். வயிற்றுப்போக்கிலேயே லெவல் ஏறுவதும் உண்டு.

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பார்க்கவோ ஊசி குத்தவோ விடாதீர்கள். தொட்டால் விர்ரென்று அதிரும் கை அது. தூக்கத்தில் அவருக்குத் தெரியாது, நீங்கள்தான் மறு கையைக் காட்ட வேண்டும்.

மூத்திரத்தை அளவு போட்ட குவளையில் பிடித்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். அளவு திடீரென்று குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, புதுக் கிட்னி இருக்கும் அடிவயிற்றுப் பக்கம் வலித்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் டாக்டரை எழுப்பச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்களில் சளி, இருமல் இருப்பவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் அப்புறம் வீட்டுக்குப் போய் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.