கேம் நடுவே திரை கறுத்துப்போகிறதா? கார்டைக் கழற்றும் முன் இதைச் செய்து பாருங்கள்

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்ப வரும். அல்லது வண்ணப் புள்ளிகள் தெறிக்கும், குறுக்கே கோடு ஓடும். யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில், "கிராஃபிக்ஸ் கார்டு போச்சு." என் கணினியில் திரை கறுத்தபோதும் அதையேதான் சொன்னார்கள். கார்டு நன்றாகவே இருந்தது, கெட்டிருந்தது கேபிள். கேமிங் கணினியில் பெரும்பாலும் விலை அதிகமான பாகமே கார்டுதான் என்பதால், அதை மாற்றும் முடிவைக் கடைசியாக எடுங்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: கோளாறு எந்தப் பக்கம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் கழற்றாதீர்கள். படம் கார்டில் உருவாகி, கேபிள் வழியாக மானிட்டருக்கு வருகிறது. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பதிவாவது கேபிளுக்குள் நுழைவதற்கு முந்தைய படம். அதனால் புள்ளியோ கோடோ திரையில் தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் போனுக்கு அனுப்பி, போனில் திறந்து பாருங்கள். அதே மானிட்டரில் திறந்தால் கோடு படத்தில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்று தெரியாது.

போனிலும் கோடு தெரிந்தால் கோளாறு கார்டு, டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), அல்லது அந்த கேமில். போனில் படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் அல்லது மானிட்டர்.

திரை முழுக்கக் கறுப்பாகிறது என்றால் ஸ்கிரீன்ஷாட்டுக்கு நேரம் கிடைக்காது. விண்டோஸ், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தி வீடியோ பதிவைத் தொடங்கிவிட்டு ஆடுங்கள். திரை கறுத்த அந்த நேரத்திலும் பதிவில் கேம் தடங்கலில்லாமல் ஓடியிருந்தால் கார்டு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ஒலியையும் கவனியுங்கள். திரை கறுத்தும் சத்தம் சீராக வந்தால் அதுவும் கேபிள் பக்கமே கை காட்டுகிறது. ஹெட்போனை மானிட்டரில் சொருகியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது, ஒலியும் அதே கேபிளில்தான் வருகிறது.

மானிட்டரின் சொந்த மெனுவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த மெனுவை வரைவது மானிட்டர்தான், கணினி அல்ல. கோடு மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால் மானிட்டரிலேயே கோளாறு.

படி 2: கேபிள்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான், ஏனென்றால் சாதாரண வேலையின்போது அந்தக் கேபிளில் ஒரு குறையும் தெரியவில்லை. கேபிளின் சுமை ரிஃப்ரெஷ் ரேட்டைப் பொறுத்தது, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை (அலகு ஹெர்ட்ஸ்). 2560×1440 திரை, பிக்சலுக்கு 24 பிட் என்று கணக்குப் போடுங்கள். 60 ஹெர்ட்ஸில் நொடிக்குச் சுமார் 5.3 ஜிகாபிட் போக வேண்டும். 144 ஹெர்ட்ஸில் அது 12.7 ஆகிவிடும், அதுவும் வெறும் பிக்சல்களுக்கு மட்டும். எச்டிஎம்ஐ 1.4-இன் உச்ச வரம்பே 10.2 ஜிகாபிட். தரம் குறைந்த கேபிளில் குறைந்த வேகத்தில் சிக்னல் தாங்கும், வேகம் ஏறியதும் பிழைகள் சேரும். ஒரு கட்டத்தில் இணைப்பு அறுந்து, கார்டும் மானிட்டரும் மறுபடி பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும். அந்த இடைவெளிதான் நாம் பார்க்கும் கறுப்பு.

சோதனை எளிது. டிஸ்ப்ளே அமைப்புகளில் ரிஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டு அதே கேமை ஆடுங்கள். கறுப்பு வருவது நின்றால் முதல் சந்தேகம் கேபிள் மீது. இரண்டு முனைகளையும் கழற்றி அழுத்திச் சொருகிப் பாருங்கள், பிறகு வேறு கேபிள், அதற்குப் பிறகு கார்டில் வேறு போர்ட்.

புதிதாக வாங்கினால் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு வெசா (VESA, திரைத் தரங்களை வகுக்கும் அமைப்பு) சான்று பெற்றது, எச்டிஎம்ஐக்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' லேபிள் ஒட்டியது. இரண்டிலும் நீளம் தேவைக்கு மேல் வேண்டாம். சான்றில்லாத சில டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் 20-ஆம் பின் இரு முனையிலும் இணைக்கப்பட்டிருக்கும். இணைக்கக் கூடாத பின் அது. மானிட்டரிலிருந்து மின்சாரம் அதன் வழியே கணினிக்குள் திரும்ப ஏறும். கணினியின் பவர் கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஏதாவது விளக்கு தொடர்ந்து எரிந்தால் அந்தக் கேபிளை உடனே தூக்கிப் போடுங்கள்.

படி 3: டிரைவர்

ஸ்கிரீன்ஷாட்டிலும் கோளாறு தெரிந்தவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், கேம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இதில் சரியானால் வன்பொருளைத் தொடும் முன் டிரைவரைக் கவனியுங்கள்.

அப்புறம் ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் இடம்) சிஸ்டம் பதிவுகளில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். கார்டு 2 நொடிக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டெடுக்கும், அது இந்த எண்ணில் பதிவாகும். திரை கறுத்த நேரமும் பதிவின் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

டிரைவரைச் சுத்தமாக நீக்க நான் நம்புவது டிடியு (DDU) என்ற இலவசக் கருவி மட்டும்தான். புது டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் நிலை) டிடியுவை ஓட்டுங்கள். இணையத்தைத் துண்டிக்காவிட்டால் நீங்கள் நிறுவும் முன்பே விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு டிரைவரை நிறுவிவிடும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை, கோளாறு வந்தால் போதும். புது டிரைவர் போட்ட பிறகே தொந்தரவு தொடங்கியது என்றால் தயங்காமல் பழையதற்கே திரும்புங்கள்.

படி 4: சூடு, மின்சாரம், மெமரி

எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற கண்காணிப்புக் கருவியில் கார்டின் வெப்பத்தைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் (சில்லின் மிகச் சூடான இடம்), கார்டின் மெமரி இரண்டும் பல கார்டுகளில் தனித்தனி வரியில் வரும், பொதுவான வெப்ப எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓவர்க்ளாக் செய்திருந்தால் (கார்டின் வேகத்தை இயல்பைவிட ஏற்றியிருந்தால்) முதலில் அதை எடுத்துவிடுங்கள். கார்டுக்கு மின்சாரம் தரும் 8-பின் இணைப்பு ஒன்று 150 வாட் தருவதற்கானது. கார்டில் அப்படி இரண்டு இருந்தால் ஒரே கேபிளின் இரட்டைத் தலையைப் பயன்படுத்தாமல், பவர் சப்ளையிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுங்கள்.

சதுரங்கக் கட்டம் போன்ற சிதைவோ வண்ணப் புள்ளிகளோ வந்தால் கார்டின் மெமரியைச் சந்தேகியுங்கள். ஆஃப்டர்பர்னர் என்ற கருவியில் மெமரி க்ளாக்கை (மெமரியின் வேகம்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குறைத்ததும் புள்ளிகள் மறைந்தால் மெமரி சில்லு பலவீனமாகியிருக்கலாம். வாரண்டி இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்களோடு அனுப்பிவிடுங்கள். டிரைவர் ஏறுவதற்கு முந்தைய பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்பு) திரையிலேயே சிதைவு தெரிந்தால், படி 3-இல் நேரம் செலவிட வேண்டாம்.

சேர்க்கை: எல்லாம் மாற்றிப் பார்த்தும் இருட்டான காட்சிகளிலும் லோடிங் திரையிலும் மட்டும் வெளிச்சம் துடிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்க்கை (ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஏற்ப ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி) அணைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது விஏ (VA) என்ற வகைத் திரைகளில் இது அடிக்கடி வரும், எதுவும் கெட்டுப்போகவில்லை. முழுவதும் அணைக்க மனமில்லாவிட்டால் ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வையுங்கள், ஏற்ற இறக்கம் குறைந்ததும் துடிப்பும் குறையும்.

இன்னொன்று, கார்டை ரைசர் கேபிளில் (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்புக் கேபிள்) செங்குத்தாக நிறுத்தியிருப்பவர்களுக்கு. ரைசர் பிசிஐஇ (கார்டு மதர்போர்டோடு பேசும் இணைப்பு) 3.0-க்கானது, கார்டு 4.0 என்றால் சிதைவு வரலாம், கணினி தொடங்காமலேயும் போகலாம். பயாஸில் அந்த ஸ்லாட்டை 'ஜென் 3' என்று மாற்றுங்கள். திரையே வராவிட்டால் கார்டை நேரடியாக மதர்போர்டில் சொருகி அதை மாற்றிவிட்டு, பிறகு ரைசரில் திரும்ப வையுங்கள்.