ஏசாயா 40-ஐப் பிள்ளைகளை நகலெடுக்க வைப்பது எப்படி

"டீச்சர், பைபிள யாரோ மாத்திட்டாங்களாமே?" மார்த்தாண்டம் பக்கம் எங்கள் சபையில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். இதற்குப் பிரசங்கம் பண்ணாதீர்கள், எழுத வையுங்கள். மே மாத வி.பி.எஸ்-ல் (விடுமுறை வேதாகமப் பள்ளியில்) நான் செய்வதைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு பிள்ளைகளை வரிசைக்கு நாலு பேராக உட்கார வையுங்கள். முதல் பிள்ளையிடம் மட்டும் வேதாகமம். பகுதி ஏசாயா 40:6-8. இரண்டாவது பிள்ளை முதல் பிள்ளையின் தாளைப் பார்த்து எழுதட்டும், மூன்றாவது இரண்டாவதைப் பார்த்து. பேனாதான் கொடுக்க வேண்டும். பென்சில் என்றால் அழித்துவிடுவார்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம். சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால் வைத்தால் பிழைக்குப் பஞ்சமே இருக்காது.

இந்தப் பகுதியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. "புல் உலர்ந்து பூ உதிரும்" ஏழாம் வசனத்திலும் வருகிறது, எட்டாம் வசனத்திலும் வருகிறது. முதல் "உதிரும்" எழுதி நிமிர்கிற பிள்ளையின் கண், திரும்பும்போது இரண்டாவது "உதிரும்" மேல் போய் விழும். நடுவே "ஜனமே புல்" காணாமல் போகும்.

நாலாவது தாள்கள் மூன்றையும் வேறு வகுப்பிடம் கொடுத்து, மூலம் எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். ஒன்றில் விட்டது இன்னொன்றில் இருக்கும், பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள். ஒரு வருஷம் இரண்டு தாளில் ஒரே பிழை. விசாரித்தால், ஒருவன் பக்கத்து வரிசையை எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறான். திட்டவில்லை. ஒன்றைப் பார்த்து எழுதிய இரண்டு தாள் இரண்டு சாட்சி ஆகாது என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்திருக்காது.

பிறகுதான் ஒரு பழைய சுருளின் படத்தைக் காட்டுவேன். சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் 1947-ல் கிடைத்த ஏசாயா சுருள், கிறிஸ்துவுக்கு முன்பே எழுதப்பட்டது. அதை எழுதியவரும் இதே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார்! விட்டதை வேறொரு கை வரிக்கு மேலும் ஓரத்திலும் எழுதிச் சேர்த்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் பிந்திய, 1008-ல் எழுதி முடித்த எபிரெயப் பிரதியில் அந்த வார்த்தைகள் முழுசாக இருக்கின்றன.

பிழையைக் காட்டினால் பிள்ளைகளின் விசுவாசம் போய்விடும் என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்த்தர் தம் வசனத்தைத் தப்பே செய்யாத ஒரு கையில் ஒப்படைக்கவில்லை, பல கைகளில் கொடுத்தார் என்றுதான் நான் விசுவாசிக்கிறேன்.

கேள்வி கேட்ட பையனும் "ஜனமே புல்"லை விட்டிருந்தான். படத்தைப் பார்த்ததும் தாளைத் திரும்ப வாங்கி, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி, ஒரு அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தான்.