முன்னால் போன ரயில் நடுவழியில் நின்றுவிட்டதா? காத்திருப்பதும் காசைத் திரும்பப் பெறுவதும்

"எஞ்சின் ஃபெயிலியராம்" என்று பெட்டிக்குள் பேச்சு கிளம்பியதும் எல்லோரும் என்ன பழுது என்றுதான் விசாரிப்பார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிக்க, பழுதான ரயில் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் தெரிய வேண்டும்.

ஸ்டேஷனில் லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து திரும்பச் சேரும் பக்கப் பாதை) நின்றிருந்தால் கவலை குறைவு. மெயின் லைன் வழியாக மற்ற ரயில்களை அனுப்பிவிடுவார்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நின்றால்தான் சிக்கல். வழக்கமான பிளாக் முறையில் இரு ஸ்டேஷன்களுக்கு இடையே ஒரு பாதையில் ஒரு நேரத்துக்கு ஒரே ரயில்தான் போகலாம். விழுப்புரம்–மயிலாடுதுறை மாதிரி சிங்கிள் லைன் என்றால் எதிரே வரவேண்டிய ரயிலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அரக்கோணம்–ஜோலார்பேட்டை மாதிரி டபுள் லைனில், மற்ற பாதையையே இரு திசைக்கும் பயன்படுத்த வழி உண்டு. ஆனால் அதற்கு எழுத்து அனுமதி வேண்டும். முதலில் போகும் ரயில் 25 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது. சென்னை சென்ட்ரல்–திருவள்ளூர் இடையே நான்கு பாதைகள் இருப்பதால் அங்கே பாதிப்பு சீக்கிரம் கரைந்துவிடும்.

நின்றது உங்கள் ரயிலே என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெட்டியின் ஓரத்திலிருந்து 'உஸ்' என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்டால், பெரும்பாலும் யாரோ சங்கிலியை இழுத்திருக்கிறார்கள். பிரேக் பைப்பில் சதுர செ.மீ.க்கு 5 கிலோ காற்றழுத்தம் இருக்க வேண்டும். அது இறங்கினால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஊழியர் நடந்து வந்து அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து, கருவியைப் பழைய நிலைக்குத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிடும். மாடு அடிபட்டு எஞ்சின் முன்பக்க ஹோஸ் பைப் (காற்றுக் குழாய்) பிய்ந்துபோனாலும் இதே அழுத்தப் பிரச்சினைதான், ஆனால் சரிசெய்ய இன்னும் கொஞ்ச நேரமாகும்.

புதிய வகையான எல்ஹெச்பி பெட்டியில் ஏசியும் விளக்கும் ஒன்றாக அணைந்து, கொஞ்ச நேரத்தில் பவர் கார் (ரயிலுக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஜெனரேட்டர் உறுமத் தொடங்கினால், எஞ்சினிலிருந்து வரும் மின்சாரம் நின்றுபோயிருக்கிறது. (ஓடும்போது ஏசி சில விநாடிகள் அடங்கித் திரும்ப வந்தால் அது மேலே போகும் கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு துண்டான நியூட்ரல் செக்‌ஷன், பழுதில்லை.) பழைய வகையான ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டியில் விளக்கும் மின்விசிறியும் பேட்டரியில் ஓடும் என்பதால் அங்கே இந்தக் குறிப்பு எடுபடாது.

எஞ்சின் எழவில்லை என்று லோகோ பைலட் முடிவுசெய்து உதவி எஞ்சின் கேட்டுவிட்டால், அதன்பின் பழுது சரியானாலும் தன் இஷ்டத்துக்கு வண்டியை நகர்த்தக்கூடாது. எதிரே எஞ்சின் வந்துகொண்டிருக்கலாம். நின்ற ரயிலைப் பாதுகாக்க ஊழியர் தண்டவாளத்தில் டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து எச்சரிக்கும் சிறு வெடி) வைப்பார்: அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒன்று, 1,200 மீட்டரில் பத்து பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. அவ்வளவு தூரம் ஜல்லியில் நடக்க வேண்டும். இதற்கிடையே ரயில் ஓட்டத்தைக் கவனிக்கும் கண்ட்ரோல் அறை ஒரு உதவி எஞ்சினைத் தேடும். பெரும்பாலும் பக்கத்து ஸ்டேஷனில் நிற்கும் சரக்கு ரயிலின் எஞ்சினைத்தான் கழற்றி அனுப்புவார்கள். அது மெதுவாக வந்து, இணைத்து, பிரேக் கடைசிப் பெட்டி வரை வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே நகரலாம். பின்னாலிருந்து தள்ளினால் அதிகபட்சம் 25 கி.மீ. வேகம், அடுத்த ஸ்டேஷன் 10 கி.மீ. தள்ளி இருந்தால் தள்ளுவதற்கே அரை மணி போய்விடும். ஆக, உதவி எஞ்சின் என்ற பேச்சு வந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாகக் கணக்குப் போடாதீர்கள். பொறுமையிழந்து கீழே இறங்கவும் வேண்டாம், பக்கத்துப் பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்.

நீங்கள் இன்னும் ஏறவில்லை என்றால் பணம் பற்றி யோசிக்கலாம். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்களும் பயணம் செய்யாவிட்டால் முழுக் கட்டணமும் கிடைக்கும். உறுதியான தட்கலுக்கும் இது பொருந்தும். போய்ச்சேரும் ஊரில் எத்தனை மணி நேரம் தாமதம் என்பதற்கு இந்த விதியில் இடமில்லை. இ-டிக்கெட் என்றால் ஐஆர்சிடிசியில் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் ஆன்லைன் கோரிக்கை) போட வேண்டும். கவுன்டர் டிக்கெட் என்றால் கவுன்டரில் ஒப்படைக்க வேண்டும். இரண்டையும் அந்த ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் செய்துவிட வேண்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். ரயில் எங்கே வருகிறது என்று காட்டும் என்டிஇஎஸ் செயலியில் 3 மணி 10 நிமிடம் தாமதம் என்று பார்த்து டிடிஆர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அட்டவணையில் உபரி நேரம் இருக்கும். ரயில் அதில் பிடித்துக்கொண்டு 2 மணி 50 நிமிடத் தாமதத்தில் வந்து சேரும், கோரிக்கை நிராகரிக்கப்படும். முந்தைய நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போதும் 3 மணியைத் தாராளமாகத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் 139-க்கு அழைத்துக் கேளுங்கள். டிடிஆர் பணம் உடனே வராது, வாரக்கணக்கில் ஆகலாம்.

சென்னையில் இறங்கி வேறு ரயில் பிடிக்க வேண்டியவர்கள், இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களையும் டிக்கெட் போடும்போதே இணைத்துவிடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்த வசதி உண்டு. முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அந்த இரண்டாவது டிக்கெட்டின் கட்டணம் பிடித்தமின்றிக் கிடைக்கும். பயணிகளின் விவரம் இரண்டிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். முதல் ரயில் உண்மையில் வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் டிடிஆர் போடவோ கவுன்டரில் ஒப்படைக்கவோ வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தால் நேரம் கடந்துவிடும்; பிளாட்பாரத்தில் இறங்கியதுமே போட்டுவிடுங்கள்.