வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? லோரா சென்சாரை நாமே அமைக்கலாம்

போர் தண்ணீரில் குறுவை நடும் பகுதிகளில் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டாரைப் போட்டுவிடுகிறோம். வயலுக்கு இன்றைக்குத் தண்ணீர் தேவையா என்று பார்ப்பதில்லை. நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் கட்டி நிற்க வேண்டியதில்லை. பயிர் பிடித்த பிறகு, மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும் முறை இதுதான்.

அந்த மட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்க, ரேடியோ அலையில் தகவல் அனுப்பும் லோரா என்ற தொழில்நுட்பம் உதவும். சிம் கார்டு, மாதக் கட்டணம் எதுவும் வேண்டாம். மிகச் சிறிய தகவலை மெதுவாக அனுப்புவதால் திறந்த வயல்வெளியில் சில கிலோமீட்டர் வரை எட்டும்.

முதலில் ஒரு வேண்டுகோள். மண்ணின் தழை, மணி, சாம்பல் சத்தை அளக்கும் என்பிகே சென்சார், மண் ஈரப்பத சென்சார் என்று எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். சேறடித்த நெல் வயலில் மலிவான ஈரப்பத சென்சார் ‘ஈரம்’ என்றே காட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் மட்டம் ஒன்றை மட்டும் ஒழுங்காக அளப்போம்.

1. வாங்க வேண்டியவை

லோராவும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சிப்பும் சேர்ந்த போர்டு இரண்டு (ஒன்று வயலுக்கு, ஒன்று வீட்டுக்கு), தண்ணீர் புகாத அல்ட்ராசானிக் சென்சார் (ஒலியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பது), 6 அங்குல பிவிசி குழாய், 18650 வகை லித்தியம் பேட்டரி, சிறிய சோலார் பேனல், சார்ஜிங் போர்டு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை 865–868 மெகாஹெர்ட்ஸ். அதனால் 868 என்று விற்கும் போர்டை வாங்கி, நிரலில் 865.4 என்று வையுங்கள். விலை குறைவு என்று 433 போர்டை எடுத்தால் இதற்கு ஆகாது.

2. குழாய்

இதில்தான் பொறுமை வேண்டும். குழாயை 60 செ.மீ. நீளத்துக்கு அறுங்கள். அடியில் 20 செ.மீ. வரை சுற்றிலும் 5 மி.மீ. துளைகள் போட்டு, உள்பக்கப் பிசிறை அரத்தால் ராவிவிடுங்கள். பிசிறில் ஒலி பட்டுத் திரும்பினால் அளவு தப்பும். துளையிட்ட பகுதி மண்ணுக்குள் போகும்படி இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். வரப்பிலிருந்து கை எட்டும் தூரம், மேடும் பள்ளமும் இல்லாத இடமாகப் பாருங்கள்.

இந்த வகை சென்சார்கள் பலவற்றுக்கு முதல் 20–25 செ.மீ. தூரம் தெரியாது. அதனால்தான் குழாயை நீளமாக விட்டோம். சென்சாரின் முகம் மண்ணிலிருந்து சரியாக 35 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அப்போது சென்சார் 30 காட்டினால் வயலில் 5 செ.மீ. தண்ணீர். 50 காட்டினால் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ., பாய்ச்சும் நேரம். மூடிக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு சிறு காற்றுத் துளை விடுங்கள். அப்புறம் ஸ்கேலை விட்டு ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

3. இணைப்பும் நிரலும்

ஆன்டெனா மாட்டாமல் லோரா போர்டுக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது, சிப் கெட்டுப்போகலாம். சென்சார் 5 வோல்ட்டில் ஓடினால் அளவைப் போர்டுக்குச் சொல்லும் எக்கோ கம்பியை நேராகச் சொருகாதீர்கள், ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட்தான். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் குறைத்துக் கொடுங்கள்.

அரை மணிக்கு ஒருமுறை அளந்து அனுப்பிவிட்டு போர்டு தூங்கட்டும். லோரா தகவலை எவ்வளவு மெதுவாக அனுப்ப வேண்டும் என்பதைச் சொல்லும் எண்ணான ஸ்ப்ரெடிங் ஃபேக்டரை 9-இல் தொடங்குங்கள். 12 வரை கூட்டினால் தூரம் கூடும், பேட்டரியும் அதற்கேற்பக் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் நாள் கணக்கில் வெயில் தலைகாட்டாது என்பதை நினைவில் வைத்துப் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள்.

4. ஆன்டெனா

சிக்னல் வரவில்லை என்றால் முதலில் உயரத்தைக் கூட்டுங்கள். டெல்டா சமவெளிதான், ஆனால் நடுவில் தென்னந்தோப்பும் மூங்கில் கொத்தும் நிற்கும். வயலில் 2 மீட்டர் கம்பம், வீட்டில் மொட்டை மாடி.

5. அளவைப் படிப்பது

மட்டம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் சரி. ஒரே இரவில் சட்டென்று இறங்கினால் வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று பாருங்கள். எண் அசையாமலே இருந்தால் துளைகளைக் களி அடைத்திருக்கும், அல்லது குழாய்க்குள் பூச்சி கூடு கட்டியிருக்கும்.

பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காய்ச்சல் கூடாது, 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அந்த நாட்களில் ‘பாய்ச்சும் நேரம்’ என்று எச்சரிக்க நிரலில் வைக்கும் எல்லையை 50-லிருந்து 32-க்கு மாற்றிவிடுங்கள், தண்ணீர் 3 செ.மீ.-க்கு இறங்கும்போதே தெரிந்துவிடும்.