காட்டிலேயே தவிர்க்க வேண்டிய களப்பணித் தவறுகள்

முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களுக்கு, விலங்குகளைக் கணக்கெடுக்கும் களப்பயிற்சி பெற வரும் மாணவர்கள் பலர் புள்ளியியல் மென்பொருளை நன்றாகக் கற்றுக்கொண்டே வருகிறார்கள். கேமராவை மரத்தில் கட்டுவது, தூரத்தை அளப்பது, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவற்றில்தான் தடுமாறுகிறார்கள். கணக்கில் நேர்ந்த பிழையை அறைக்குத் திரும்பிய பின்னும் திருத்தலாம். காட்டில் தவறாக எடுத்த அளவைத் திருத்த வழியில்லை.

ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண உதவும் வரிகள் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால்தான் தடத்தின் இருபுறமும் தானியங்கிக் கேமராக்களை வைக்கிறோம். ஓரிடத்தில் இடப்பக்கப் படமும் வேறோரிடத்தில் வலப்பக்கப் படமும் மட்டுமே கிடைத்தால், ஒரே புலி இரண்டாக எண்ணப்பட்டுவிடலாம். அதற்காக இரண்டையும் நேருக்கு நேர் கட்டினால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கச் செய்யும். சற்றே விலக்கிக் கட்ட வேண்டும். உயரம் முழங்கால் அளவு, அதாவது ஏறத்தாழ 45 செ.மீ. போதும். நின்றபடி கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிவிட்டு, சிறுத்தையின் முதுகை மட்டும் படமாகப் பெற்றவர்கள் உண்டு. கட்டி முடித்ததும் கேமராவின் முன் தவழ்ந்து சென்று பார்ப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் அதைவிட நல்ல சோதனை இல்லை. எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடிக் கிளையை விட்டுவைத்தால், வெயிலில் சூடேறிய இலைகள் அசையும்போதெல்லாம் கேமரா இயங்கி, மெமரி கார்டு வெற்றுப் படங்களால் நிரம்பிவிடும்.

பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு தவறு செய்தேன். கேமராவில் மாதம் முதலில் வரும் என்பதைக் கவனிக்காமல், மார்ச் 4-ஐ ஏப்ரல் 3 என்று பதிந்துவிட்டேன். அன்றிலிருந்து இடத்தின் எண்ணையும் தேதியையும் நேரத்தையும் ஒரு பலகையில் எழுதி, அதையே முதல் படமாக எடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

இரை விலங்குகளைக் கணக்கிட நேர்கோட்டில் நடக்கும்போது நேரும் தவறுகள் இன்னும் நுட்பமானவை. இங்கே தேவைப்படுவது, விலங்கு முதலில் நின்ற இடத்துக்கும் கோட்டுக்கும் இடையிலான செங்குத்துத் தூரம். புள்ளிமான் கூட்டம் மிரண்டு ஓடி நின்ற இடத்தை அளந்தால், அடர்த்தி உண்மையைவிடக் குறைவாக வரும். திசைகாட்டியின்படி கோடு 40 பாகையிலும் கூட்டத்தின் நடுப்பகுதி 70 பாகையிலும் 60 மீட்டர் தொலைவிலும் இருந்தால், இடைக்கோணம் 30 பாகை, செங்குத்துத் தூரம் 30 மீட்டர். திசைகாட்டிக்கு அருகில் கைப்பேசியைப் பிடித்திருந்தால் அந்தக் கோணமே பிசகிவிடும். தூரமானியை எடுக்கச் சோம்பிக் கண் மதிப்பில் எழுதுவோரின் தாளில் 10, 20, 50 என்ற எண்களே குவிந்து கிடப்பதைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம். நடப்பதற்கு எளிது என்று ஜீப் பாதையையே கோடாகக் கொள்வதும் தவறு. சில விலங்குகள் அதை விரும்பி வரும், சில ஒதுங்கிப் போகும்.

காலடித் தடம் புதியவர்களை எளிதில் ஏமாற்றும். புலியின் முன்னங்கால் பின்னங்காலைவிடப் பெரியது. ஈரச்சேற்றில் எந்தத் தடமும் விரிந்து பெரிதாகத் தெரியும். 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது வெளிவந்த பிறகு, தேசியக் கணக்கெடுப்பு தடங்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையைக் கைவிட்டது. ஆகவே ஒரே ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு ‘ஆண் புலி’ என்று எழுதிவிடக் கூடாது. தடத்தின் நீளம், அகலம், மண்ணின் தன்மை ஆகியவற்றை எழுதி, ஊகத்தைத் தனிக் கட்டத்தில் குறிக்க வேண்டும். எச்சத்துக்கும் இதே முறைதான். அனுமதி இல்லாமல் அதைக் காட்டிலிருந்து எடுத்து வரவும் கூடாது. ஒரு விலங்கும் தென்படாத நாளில் தாளை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பூஜ்யமும் ஒரு பதிவுதான்.

உடன் வரும் வேட்டைத் தடுப்புக் காவலரை வெறும் வழிகாட்டியாக நினைத்து அவரை முந்தி நடப்பதுதான் இவற்றில் ஆபத்தானது. இப்பணியில் இருக்கும் பழங்குடியினர், முதுமலையில் இருளரும் காட்டுநாயக்கரும், ஆனைமலையில் காடரும் மலசரும், யானையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே அதன் வாடையையும் ஓசையையும் கொண்டு அறிந்துவிடுவார்கள். காவலர் ஒரு பிடி மண்ணை உதிர்த்துக் காற்றின் திசையைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினால், அந்த இடத்திலேயே பேசாமல் நின்றுவிட வேண்டும். மூங்கில் முறிந்தது எந்தப் பக்கம் என்பதை முகாமுக்குத் திரும்பிய பிறகு கேட்டுக்கொள்ளலாம்.